எல்லைப்புற அலுவலகங்களும் மென்பொருள் தேர்வும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்தவை. வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கோவை மாவட்டத்தோடும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்தோடும் அன்றாடம் கொடுக்கல் வாங்கல் நடைபெறும் பகுதிகள் இவை. சரக்கு லாரி, பால் வண்டி, தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப் ஆகிய மூன்றும் நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்கின்றன. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசுவோர் இங்கு ஏராளம்.

அலுவலகப் பணிகளுக்கான மென்பொருளைப் பற்றிப் பேச இப்பகுதி ஏன் ஏற்றது என்று கேட்கலாம். ஒரு மென்பொருள் எழுதப்படும்போது, அதை எழுதுவோர் மனத்தில் ஒரு சராசரிப் பயனாளர் இருக்கிறார். அவர் ஒரே மாநிலத்தில் குடியிருந்து அங்கேயே வேலை செய்பவர். ஒரே மொழியில் விண்ணப்பம் எழுதுபவர். ஒரே அரசின் விதிகளுக்கு உட்பட்டவர். எல்லைப்புறத்தில் வாழ்பவர் இந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. எனவே ஒரு மென்பொருளின் குறை, தலைநகரில் தெரிவதற்கு முன்பே எல்லையில் தெரிந்துவிடுகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இப்பகுதியில் நிகழ்ந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலுள்ள எந்த அலுவலருக்கும் பயன்படக்கூடிய சில முடிவுகள் கிடைக்கின்றன.

குரலிலிருந்து பொத்தானுக்கு

இந்தியாவின் சிறு ஏலக்காய் விளைச்சலில் பெரும்பகுதி இடுக்கி மலைகளில் கிடைக்கிறது. அதன் விற்பனை, மலையின் மேல் வண்டன்மேடு வட்டாரத்திலும் மலையடியில் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலங்களைச் சார்ந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1987இல் அமைக்கப்பட்ட நறுமணப் பொருள் வாரியம் இந்த ஏலங்களுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்துகிறது.

முன்னர் ஏலம் குரலால் நடைபெற்றது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரிக் காய்கள் வணிகர்களின் கைக்குப் போகும். நிறம், பருமன், எடை ஆகியவற்றைப் பார்த்து அவர்கள் விலை கேட்பார்கள். யார் எந்த விலை கேட்கிறார் என்பது அறையிலுள்ள அனைவருக்கும் தெரியும். வாங்குவோர் சிலராகவும் விற்போர் பல்லாயிரவராகவும் உள்ள சந்தையில் இது சிறிய விஷயமன்று. பெரிய வணிகர் ஒருவர் விலை கேட்டுவிட்டால் மற்றவர் தயங்கி நின்றுவிட இடமுண்டு. அதன் இழப்பு, அறையில் இல்லாத விவசாயியைச் சேர்கிறது.

2007ஆம் ஆண்டில் மின்னணு ஏலம் அறிமுகமாயிற்று. பின்னர் புற்றடியில் அமைந்த நறுமணப் பொருள் பூங்காவிலும் இதே முறை நடைமுறைக்கு வந்தது. வணிகர் தம் இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்தி விலையை உயர்த்துகிறார். திரையில் லாட்டின் எண்ணும் எடையும் உயரும் விலையும் தெரிகின்றன. கேட்பவர் யார் என்பது போட்டி நடக்கும்போது மற்றவர்க்குத் தெரிவதில்லை. கூச்சல் குறைந்தது, ஒரு லாட்டுக்கு ஆகும் நேரம் குறைந்தது, ஒவ்வொரு விற்பனைக்கும் அழியாத பதிவு கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, புதிய முறை எதை மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது என்பதே. மாதிரியைக் கையில் எடுத்து, உரித்து, முகர்ந்து பார்க்கும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஏலக்காயின் தரத்தைத் திரையில் காட்ட முயன்றிருந்தால் வணிகர்கள் அந்த முறையையே நிராகரித்திருப்பார்கள். பணியின் எந்தப் பகுதி கைக்கும் கண்ணுக்கும் உரியது, எந்தப் பகுதி கணக்குக்கு உரியது என்று பிரித்தறிந்ததால்தான் அந்த மென்பொருள் நிலைத்தது.

மற்றொரு பக்கமும் உண்டு. ஏலத்தில் வாங்கிய காயையே சில வணிகர்கள் மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதும், இதனால் வரத்து மிகுதியாகத் தோன்றி விலை தாழ்கிறது என்பதும் விவசாயிகள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. பொத்தான் வந்ததால் இக்குறை தீர்ந்துவிடவில்லை. மறு ஏலத்தை அனுமதிப்பதா, எவ்வளவு அனுமதிப்பது என்பது விதியைப் பொறுத்த கேள்வி. விதி தெளிவாக இருந்தால் மென்பொருள் அதைக் காக்கும். விதி தெளிவற்றிருந்தால், அந்தத் தெளிவின்மையையே மென்பொருள் விரைவாக நடத்தி வைக்கும்.

2019 ஆகஸ்டு 3ஆம் நாள் புற்றடி ஏலத்தில் ஏலக்காயின் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. 2018 வெள்ளமும் அதன் பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததே இதற்குக் காரணம். 2022ஆம் ஆண்டின் பல ஏலங்களில் சராசரி விலை 1,000 ரூபாயைக்கூட எட்டவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை எந்தக் கணிப்பொறியும் தடுத்துவிட முடியாது. அன்றைய விலை அனைவருக்கும் ஒரே நேரத்தில் தெரியவரச் செய்ய அதனால் முடியும். அந்த அளவுக்கே அதனிடம் எதிர்பார்ப்பது முறை.

வாளையார் தரும் பாடம்

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ள வாளையார், கேரளத்தின் மிகப் பெரிய வணிகவரிச் சோதனைச் சாவடியாக நெடுங்காலம் விளங்கியது. அரிசி, காய்கறி, சிமெண்ட் எனத் தமிழ்நாட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் சரக்குகளில் பெரும்பகுதி இவ்வழியே வந்தது. லாரிகள் பல மணி நேரம் வரிசையில் காத்துக் கிடப்பது வழக்கமான காட்சியாக இருந்தது. காத்திருக்கும் லாரிக்கு வாடகை, ஓட்டுநர்க்குப் படி, அழுகும் காய்கறிக்கு நட்டம் ஆகிய அனைத்தும் இறுதியில் கேரள நுகர்வோரின் விலையில் சேர்ந்தன.

கேரளத்தில் 2005 ஏப்ரல் 1 முதல் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபின், தேசிய தகவல் மையத்தின் துணையோடு வணிகவரித் துறை கணிப்பொறிமயமாக்கப்பட்டது. சரக்கு விவரங்களை முன்கூட்டியே மின்னணு முறையில் அறிவிக்கும் வசதியும் ஏற்பட்டது. ஆவணம் பார்க்கும் வேலை இதனால் எளிதாயிற்று. ஆனால் வரிசை மறையவில்லை. ஒவ்வொரு வண்டியும் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும் என்ற விதி இருக்கும்வரை, மேசையிலுள்ள கருவி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சாலையின் அகலமே வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் பணியை நிறுத்தின. பத்தாண்டுக் காலக் கணிப்பொறி முயற்சி செய்ய இயலாததை ஒரு விதி மாற்றம் செய்தது. போக்குவரத்து, கலால் முதலிய பிற துறைகளின் சோதனை அத்துடன் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. எனினும் வரி ஆவணத்துக்காக லாரி காத்திருக்கும் கட்டாயம் நீங்கியது. பயனற்ற ஒரு படியை முதலில் நீக்கி, எஞ்சிய படிகளுக்கு மட்டும் மென்பொருள் எழுதுவதே சிக்கனமான வழி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதன் அடுத்த அத்தியாயமும் அறிய வேண்டியதே. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு செல்லும்போது மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டும் என்ற முறை 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் தொடங்குவதாக இருந்தது. அன்றே ஏற்பட்ட பளுவைத் தாங்காமல் கணிப்பொறி அமைப்பு திணறியது, நடைமுறை ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குகளுக்கு மட்டும் அது தொடங்கப்பட்டது. மாநிலத்துக்குள் செல்லும் சரக்குகளுக்குப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. ஏப்ரல் 15 அன்று முதற்கட்டத்தில் சேர்ந்த ஐந்து மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. தமிழ்நாடு ஜூன் மாதத்தில் சேர்ந்தது. ஒரே நாளில் அனைவருக்கும் என்று தொடங்கியது தடைப்பட்டது. கட்டம் கட்டமாகத் தொடங்கியது நிலைபெற்றது. ஒத்திவைக்க முன்வந்த முடிவு நிர்வாகத்துக்கு இழுக்கன்று. தவறான நாளில் பிடிவாதமாகத் தொடர்ந்திருந்தால் நெடுஞ்சாலைகளில் சரக்குகள் தேங்கி நின்றிருக்கும்.

சிறு எண்ணிக்கையினரின் மொழி

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதும் மாணவர்கள் இங்கு இருக்கிறார்கள். மாநிலத்தின் மொத்த மாணவர் தொகையோடு ஒப்பிட்டால் இவர்கள் சிறு எண்ணிக்கையினரே.

பொருளாதார நோக்கில் இதை ஆராய்வது பயன் தரும். விற்பனைக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம், ஒரு மொழியில் அதைப் பெயர்க்கும் செலவை அந்த மொழியில் அதை வாங்குவோரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும். மூன்று மலைத் தாலுகாக்களிலும் ஒரு சமவெளித் தாலுகாவிலும் உள்ள சில பள்ளிகளுக்காக, கேரளப் பாடத்திட்டத்தை ஒட்டிய தமிழ்ப் பதிப்பு ஒன்றை எந்த நிறுவனமும் தானாக முன்வந்து தயாரிக்காது. அதில் குற்றமும் இல்லை. சந்தையின் கணக்கு அத்தகையது.

கேரளம் தேர்ந்தெடுத்த வழி வேறு. 2001இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் பள்ளிக் கணிப்பொறிகள் லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்துக்கு மாறின. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வடிவம் பெற்றது. 2018இல் 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் பணியைத் தொடங்கியது. உரிமக் கட்டணம் இல்லாமையால் மிச்சப்பட்ட தொகையே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதனினும் முக்கியமானது, மென்பொருளின் மூலநிரல் கையில் இருப்பதால் அதைத் தம் தேவைக்கேற்பத் திருத்தும் உரிமையும் கையில் இருந்தது என்பதே. பாடத்துக்குத் தேவையான செயலிகளைச் சேர்க்கவும், வேண்டாதவற்றை நீக்கவும், திரையில் தோன்றும் சொற்களை மொழிபெயர்க்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாடநூல்களும் மின் பாடப்பொருள்களும் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியாகின்றன. சிறு எண்ணிக்கையினரின் தேவைக்கு ஆகும் செலவு, திருத்தும் உரிமை இருக்குமிடத்தில் குறைந்துவிடுகிறது.

இதில் செலவே இல்லை என்று எண்ணுவது பிழை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களுள்ளிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். உரிமத்துக்குச் செல்ல வேண்டிய பணத்தின் ஒரு பகுதி மனிதத் திறனுக்குச் சென்றது என்று இதைக் கூறலாம். முதல் செலவு ஆண்டுதோறும் திரும்ப வரும். இரண்டாவது செலவு நாட்டின் சொத்தாகத் தங்கும்.

எழுதுவதா, வாங்குவதா?

ஓர் அலுவலகம் தனக்கான மென்பொருளைத் தானே எழுதிக்கொள்வதா, ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குவதா என்ற கேள்விக்குக் கேரள மின்வாரியத்தின் அனுபவம் ஒரு விடை தருகிறது. தாழ்வழுத்த மின் நுகர்வோரின் கட்டணக் கணக்குக்காக வாரியத்தின் ஊழியர்களே 'ஒரும' என்ற மென்பொருளை, கட்டற்ற மென்பொருள்களை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கினார்கள். மலையாளத்தில் அச்சொல்லுக்கு ஒற்றுமை என்பது பொருள். மாநிலமெங்கும் உள்ள பிரிவு அலுவலகங்களில் அது நிறுவப்பட்டது. பின்னர் மையப்படுத்தப்பட்ட வடிவமும் பெற்றது.

மின் கட்டணத்தின் விதிகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒவ்வொரு ஆணைக்கும் மாறக்கூடியவை. அடிக்கடி மாறும் விதிகளைக் கொண்ட பணிக்கு, மாற்றும் திறன் அலுவலகத்துக்குள்ளேயே இருப்பது பெரும் வசதி. அதே சமயம், சொந்த மென்பொருளுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதை எழுதிய பொறியாளர் மாற்றலாகிச் சென்றாலோ ஓய்வு பெற்றாலோ, நிரலின் பொருள் அவரோடு போய்விடக்கூடும். எழுதப்பட்ட விளக்கக் குறிப்பும், குறைந்தது மூவருக்கேனும் அதைத் திருத்தத் தெரிந்திருப்பதும் இல்லாத சொந்த மென்பொருள், வெளி நிறுவனத்தின் பூட்டைவிட இறுக்கமான பூட்டாகிவிடும்.

எனவே இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான சம்பளப் பட்டியல், கடிதப் போக்குவரத்து போன்றவற்றுக்குப் புதிதாக எழுதுவது வீண். அந்த அலுவலகத்துக்கே உரிய, அடிக்கடி மாறும் பணிக்கு வெளியாரை நம்பியிருப்பது இடர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. சங்கந்தோறும் தனித்தனி மென்பொருள் என்ற நிலைக்குப் பதிலாகப் பொதுவான தேசிய மென்பொருள் என்பது அதன் அடிப்படை. முன்னரே சொந்தமாக மென்பொருள் அமைத்துக்கொண்ட சங்கங்களுக்கு, பொது அமைப்போடு இணைய உடன்பட்டால், நிபந்தனைகளுக்குட்பட்டு 50,000 ரூபாய் ஈடு செய்யவும் அதில் வழி செய்யப்பட்டது. பழைய முதலீட்டை முற்றிலும் ஒதுக்காமல் பொதுத் தரத்துக்குக் கொண்டுவரும் இந்த அணுகுமுறை கவனிக்கத்தக்கது.

பொதுத் தரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் எழுத்துருக்களின் வரலாறு காட்டுகிறது. 1990களிலும் அதன் பின்னரும் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் தமிழ் எழுத்துகளுக்குக் குறியீடு வகுத்தது. ஓர் அலுவலகத்தில் தட்டிய கடிதம் மற்றோர் அலுவலகத்தின் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. மலையாளத்திலும் இதே தொல்லை இருந்தது. இரு மொழிகளிலும் தாள் நகர வேண்டிய எல்லைப்புற அலுவலகங்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பாயிற்று. திறந்த தரங்களுக்கான கொள்கையை மத்திய அரசு 2010இலும், திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை 2015இலும் வெளியிட்டதன் பொருளை இத்தகைய இடங்களிலிருந்து பார்த்தால் நன்கு உணரலாம்.

கருவி இல்லாதவரின் நாள்

2020 மார்ச்சு 25 அன்று ஊரடங்கு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, எல்லை என்ற சொல்லுக்கு இப்பகுதியினர் மறந்திருந்த பொருள் திரும்ப வந்தது. கேரளத்துக்குள் வர இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. நோய்ப் பரவலைத் தடுக்க அது தேவையான ஏற்பாடே. எனினும் மே மாதத்தில், சீட்டு பெறாமல் வந்தவர்கள் வாளையாரில் தடுத்து நிறுத்தப்பட்டு அவதியுற்றனர். செய்தி உயர்நீதிமன்றம் வரை சென்றது.

மலைப்புறத்திலும் நிலைமை கடினமாகவே இருந்தது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் வீடு திரும்பும் ஏலத்தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உண்டு. குடியிருப்பு ஒரு மாநிலத்தில், கூலி மற்றொரு மாநிலத்தில் என்ற வாழ்க்கை அவர்களுடையது. ஒருமுறை பயணம் செய்பவரை மனத்தில் கொண்டு வகுத்த படிவத்தில் நாள்தோறும் சென்று திரும்புபவர் எளிதில் பொருந்துவதில்லை. கையில் இணைய வசதியுள்ள தொலைபேசியும் இல்லாவிட்டால் அவர் முழுவதும் பிறரைச் சார்ந்தவராகிறார்.

ஏலக்காய் ஏலங்களும் இரண்டு மாதங்களுக்கு மேல் நின்றன. போடிநாயக்கனூர் வணிகர் புற்றடிக்குச் செல்வதும், இடுக்கி வணிகர் போடிக்கு வருவதும் தடைப்பட்டன. இந்நெருக்கடிக்குப் பின் 2021இல், இரண்டு மையங்களிலும் இருந்தபடியே வணிகர்கள் ஒரே ஏலத்தில் பங்கு பெறத்தக்க நேரடி மின்னணு முறை அறிமுகமாயிற்று. 2007இல் ஒரு பொத்தானைக் கொண்டு தொடங்கிய அமைப்பு, பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மலைத்தொடரின் இருபுறங்களையும் இணைத்தது. அடித்தளம் முன்னரே இருந்ததால்தான் அது இயன்றது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் கருவி வணிகரை எல்லை தாண்டி இணைத்தது. மற்றொன்றில் கருவி கைவசம் இல்லாதவர் எல்லையில் நின்றார். வணிகர்கள் சில நூற்றுவர். அவர்களுடைய தேவை வாரியத்துக்கு நன்கு தெரியும். தொழிலாளர் பல்லாயிரவர்; அவர்களுடைய தேவையைப் படிவம் எழுதியவரிடம் எடுத்துச் சொல்ல வழி இல்லை.

மொழி பற்றிய சட்டம் ஒன்றும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், அதே மொழியில் விடை பெறவும் உரிமை அளித்தது. காகிதக் காலத்தில் ஒருவர் தமிழில் மனு எழுதி அஞ்சல் பெட்டியில் போட்டுவிட முடிந்தது. மனுவை ஏற்கும் வாயில் ஒரு திரையாக மாறி, அத்திரையில் தமிழ் இல்லாமற் போனால், சட்டம் தந்த உரிமையை எவரும் ரத்து செய்யாமலேயே அது செயலற்றதாகிவிடும். மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் விடுபடும் ஒரு வரி, சட்டமன்றம் இயற்றிய ஒரு பிரிவின் பயனை இல்லாமற் செய்யக்கூடும் என்பதை அலுவலர்கள் உணர வேண்டும்.

தேர்வுக்கு முன் சில கேள்விகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து, மென்பொருள் தேர்வில் கையெழுத்திடும் பொறுப்பிலுள்ள அலுவலர் தம்முன் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில தெளிவாகின்றன.

முதலாவது, இந்தப் படி தேவையா? தேவையற்ற பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றினால், அது தேவையற்ற கணிப்பொறிப் பதிவேடாகும். வாளையாரின் பாடம் இது.

இரண்டாவது, பணியைச் செய்பவரோடு அமர்ந்து பார்த்தாயிற்றா? மாதிரிக் காயை வணிகரின் கையில் விட்டுவைத்த ஏல முறைபோல, எதை மாற்றக்கூடாது என்பதை மேசைக்கு அப்பால் இருப்பவர்தாம் சொல்ல முடியும்.

மூன்றாவது, விலகும் நாளில் என்ன கிடைக்கும்? ஒப்பந்தம் முடியும்போது அலுவலகத்தின் விவரங்கள் அனைத்தும், வேறு மென்பொருளால் படிக்கத்தக்க வடிவத்தில் திரும்பக் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும். பின்னர் கேட்டால் அதற்குத் தனி விலை இருக்கும்.

நான்காவது, ஐந்தாண்டுச் செலவு எவ்வளவு? ஒப்பந்தப்புள்ளியில் தெரியும் விலை முதலாண்டுக்கு உரியது. பயிற்சி, பராமரிப்பு, உரிமப் புதுப்பிப்பு, பழைய பதிவுகளை ஏற்றும் உழைப்பு ஆகியவற்றைச் சேர்த்த பின்னரே இரண்டு மென்பொருள்களை ஒப்பிட முடியும்.

ஐந்தாவது, மின்சாரமும் இணைப்பும் இல்லாத நாளில் பணி எவ்வாறு நடக்கும்? மலைப்பகுதியில் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுபடுவது அரிய நிகழ்ச்சியன்று. அன்றைக்குக் காகிதத்தில் எழுதி, மறுநாள் பதிவேற்றும் ஏற்பாடு விதியிலேயே இருக்க வேண்டும்.

ஆறாவது, இதனால் விடுபட்டுப் போகிறவர் யார்? புதிய முறையைச் சோதிக்கும்போது, அலுவலகத்தின் திறமையான எழுத்தரை முதலில் அமர்த்துவது வழக்கம். அவருக்கு எதுவும் வேலை செய்யும். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த முதியவர், எல்லை தாண்டி வேலைக்கு வரும் தொழிலாளி, கடன் அட்டையோடு வரும் சிறு பால் உற்பத்தியாளர் ஆகியோரை முதலில் அமர்த்திச் சோதித்தால், குறைகள் அரை நாளில் வெளிப்படும். திருத்துவதற்குச் செலவும் குறைவாக இருக்கும்.

இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை காணப் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை. தம் அலுவலகத்தின் பணியை நன்கு அறிந்த தலைமை எழுத்தர் ஒருவரே பெரும்பாலானவற்றுக்கு விடை கூறிவிடுவார். கேட்கப்படாததே குறை. சந்தையில் புதிய கருவி வந்துவிட்டது என்பதும், அண்டை அலுவலகம் வாங்கிவிட்டது என்பதும், நிதியாண்டு முடியுமுன் ஒதுக்கீட்டைச் செலவிட வேண்டும் என்பதும் தேர்வுக்குக் காரணமாகும்போது இக்கேள்விகள் பின்தள்ளப்படுகின்றன.

புற்றடியில் பொத்தானை அழுத்தும் வணிகரும், சித்தூரின் தமிழ்வழிப் பள்ளியில் கணிப்பொறி பயிலும் மாணவியும், போடிமெட்டில் ஜீப்புக்காகக் காத்திருக்கும் தொழிலாளியும் அரசு தேர்ந்தெடுக்கும் மென்பொருளோடு ஏதோ ஒரு வகையில் வாழ்கிறார்கள். அத்தேர்வில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் சார்பில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கும் கடமை, கோப்பில் கையெழுத்திடும் அலுவலரைச் சேர்ந்தது.